பெண் குரல் 17

போனைத் தோளுக்கும் காதுக்கும் நடுவில் இடுக்கிக்கொண்டு, அம்மாவின் தலையை மடியில் ஏந்தியபடி அவன் சமையலறைத் தரையில் உட்கார்ந்திருந்தான். அடுப்பில் பால் பொங்கி வழிந்துகொண்டிருந்தது. அதை அணைக்க எழுந்தால் தலையைத் தரையில் வைக்க வேண்டும். அதற்கு மனசு வரவில்லை. பால்தானே, தீய்ந்து தொலையட்டும்.

"உங்கள் அழைப்பு வரிசையில் உள்ளது. தயவுசெய்து காத்திருக்கவும்" என்றது போன்.

ஆம்புலன்ஸைக் கூப்பிடுகிறவனிடமே காத்திருக்கச் சொன்னால் என்ன செய்வது? பல்லைக் கடித்தான். அடுத்த நொடி பாட்டு ஆரம்பித்தது. வாத்தியம் கீத்தியம் எதுவும் இல்லாத, ஒற்றைப் பெண் குரல்.

'அட, நம்ம கோப்பு!' என்று அவன் மனசு ஒரு துள்ளு துள்ளியது. பெற்றவள் மடியில் கிடக்கும்போதுகூட ஆபீஸ் புத்தி எட்டிப்பார்த்ததே என்று அன்று முழுக்க அவன் கூசப்போகிறான். ஆனால் அந்த நொடியில் துள்ளியது என்னவோ உண்மை.

அம்மாவின் கன்னத்தைத் தட்ட ஒரு கை வேண்டியிருந்தது. போனை ஸ்பீக்கரில் போட்டுத் தரையில் வைத்தான். பாட்டு சமையலறை முழுக்கப் பரவியது.

கொஞ்சம் இரு, கொஞ்சம் இரு,
கூப்பிட்ட குரல் போய்ச் சேரும்;
அந்தப் பக்கம் ஆள் இருக்கு,
அவசரம் ஏன், கொஞ்சம் இரு.

அம்மா கண்ணைத் திறந்தாள். வலது கை மெல்ல எழுந்து போன் பக்கமாக நீண்டது. உதடு அசைந்தது, சத்தம் வரவில்லை.

"இரைச்சலா இருக்காம்மா? சரி சரி, நிறுத்திடறேன்." ஸ்பீக்கரை அணைத்துவிட்டுப் போனைக் காதில் வைத்துக்கொண்டான்.

கை மறுபடி எழுந்தது. இந்தத் தடவை அவன் சட்டையைப் பிடித்து இழுத்தது. இவ்வளவு பலம் எங்கேயிருந்து வந்தது என்று தெரியவில்லை. அவன் அந்தக் கையைப் பிடித்துத் தன் நெஞ்சோடு வைத்து அழுத்திக்கொண்டான்.

"ஒண்ணுமில்லம்மா. வந்துடுவாங்க. இரும்மா. கொஞ்சம் இரும்மா."

அவள் அவனையே பார்த்தாள். சொல்லவந்ததைச் சொல்லவிடாதவனைப் பார்க்கிற பார்வை அது என்று அப்போது அவனுக்குத் தெரியாது. பிறகு கை தளர்ந்தது. போனில் யாரோ, "சொல்லுங்க சார், எந்த இடம்?" என்றார்கள். அவன் கதவு எண், தெரு, மாடிப்படி வலதுபக்கம் என்று ஒன்றுவிடாமல் சொன்னான். சொல்லி முடித்தபோது அம்மா இல்லை.

வண்டி ஒன்பது நிமிடத்தில் வந்துவிட்டது. குறை சொல்ல முடியாது. கூட வந்த டாக்டர் சின்னப் பையன் மாதிரி இருந்தார், ஆனால் பொறுமையாகப் பேசினார்.

"இதயம் நின்னிருக்கு சார். நாங்க பக்கத்து வீட்லயே இருந்திருந்தாலும் ஒண்ணும் செஞ்சிருக்க முடியாது."

"அடுப்பை அணைச்சிட்டீங்களா?" என்று கேட்டான் அவன்.

டாக்டர் அவன் தோளைத் தட்டிக்கொடுத்துவிட்டு, தானே போய் அடுப்பை அணைத்தார்.

மனைவி மருந்துக்கடை வேலைக்குப் போயிருந்தாள். விழுந்தடித்துக்கொண்டு அவள் ஓடிவந்தபோது, கூடத்தில் கட்டிலில் மாமியார் வெள்ளைப் போர்வைக்குள் கிடந்தாள். மாடிவீட்டுக்காரர் நாற்காலிகளை ஓரமாக நகர்த்திக்கொண்டிருந்தார். சமையலறையிலிருந்து கரகரவென்று சத்தம் வந்தது. போய்ப் பார்த்தால் இவன் தொட்டிக்குமுன் நின்று தீய்ந்த பால் பாத்திரத்தைத் தேய்த்துக்கொண்டிருக்கிறான். எவ்வளவு நேரமாகவோ, விரல் நுனியெல்லாம் சிவந்துபோயிருந்தது.

"என்னங்க... அதை விடுங்க."

"அடியில கொஞ்சம் பிடிச்சிருக்கு. அம்மா பார்த்தா திட்டுவா."

அவள் தேய்க்கிற நாரை அவன் கையிலிருந்து பிடுங்கினாள். குழாயை மூடினாள். அப்புறம்தான் அழுதாள். அவனுக்கு அழுகை வரவில்லை. நேற்று ராத்திரி, நாளைக்கு ரெண்டு சட்டையும் சேர்த்துத் துவைக்கப் போடு என்று சொன்ன அம்மாவுக்குப் பன்னிரண்டு மணி நேரத்தில் என்ன அவசரம் என்பதுதான் அவனுக்குப் புரியவில்லை. புரியாததற்கு எப்படி அழுவது?

பத்து மணிக்கு ஆபீஸிலிருந்து மேடம் வந்தார், கூட நாலு பேர். ஆபீஸில் அவனுக்குச் சல்லடை என்று பெயர். சல்லடை போட்டுத் தேடுகிறவன் என்று மேடம் ஒருநாள் பாராட்டாகச் சொல்லப்போக, அதுவே நிலைத்துவிட்டது. சல்லடையில் ஓட்டை இருக்கிறதே என்று டைப்பிஸ்ட் கிண்டல் செய்வாள். அவன் சிரித்துக்கொள்வான்.

"சல்லடை, ஒரு வாரம் ஆபீஸ் பக்கமே வராதே. கோப்பெல்லாம் நான் பார்த்துக்கறேன்" என்றார் மேடம்.

"அந்த அட்டைப்பட ஓவியம், மூணு பேருக்கு இன்னும் கடிதம் போகல மேடம்."

"நான் பார்த்துக்கறேன்னு சொன்னேன்ல?"

அவன் வேலை அப்படிப்பட்டது. ஒரு கதையோ படமோ பாட்டோ இருக்கும், அதற்கு உடையவர் யார் என்று தெரியாது. அதைப் பயன்படுத்த விரும்புகிறவர்கள் இவர்கள் ஆபீஸில் மனுப் போடுவார்கள். இவன் தேடவேண்டும். பழைய சந்தாப் பட்டியல், அச்சகக் கணக்கு, கல்லறைக் கல் வரைக்கும் தேடவேண்டும். பத்திரிகையில் அறிவிப்புக் கொடுத்து முப்பது நாள் பார்க்கவேண்டும். அப்புறமும் யாரும் வராவிட்டால், 'தேடியும் கண்டறியப்படவில்லை' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டு அனுமதி கொடுக்கலாம். உடையவர் என்றைக்காவது வந்து நின்றால் அன்றைக்கே அவர் பெயர் சேர்ந்துவிடும். அனாதைக்கு வீடு பார்த்துக் கொடுக்கிற மாதிரி என்பான் அவன். பதினான்கு வருஷத்தில் அவன் கையெழுத்துப் போட்ட ஒரு கோப்புகூடப் பொய்யாகித் திரும்பி வந்ததில்லை. அவனுக்கு வேறு பெருமை கிடையாது. பெரிய வீடில்லை, பதவி உயர்வில்லை, இது ஒன்றுதான்.

அந்தப் பாட்டுக் கோப்பும் அப்படித்தான். மூடிப்போன ஒரு ஒலிப்பதிவுக் கடையின் பழைய சாமான்களில் ஒரு டேப் கிடந்தது. மேலே ஒட்டியிருந்த சீட்டில் 'பெண் குரல் 17' என்று மட்டும் எழுதியிருந்தது. ஆம்புலன்ஸ் கம்பெனிக்காரர்கள் அதைக் கேட்டுவிட்டு, காத்திருப்பவர்களுக்குப் போட்டுக்காட்ட எங்களுக்கென்றே எழுதின மாதிரி இருக்கிறது, அனுமதி வேண்டும் என்று வந்தார்கள். பதினேழு என்றால் முன்னால் பதினாறு இருக்கவேண்டுமே? இரண்டு மாதம் அந்தப் பதினாறு டேப்புகளைத் தேடி அலைந்தான் சல்லடை. ஒன்றும் அகப்படவில்லை. நாற்பத்தொரு பேரை விசாரித்தான். பாட்டு ஒன்றரை நிமிடம். கடைசியில் அந்தப் பெண் குபீரென்று ஒரு சிரிப்புச் சிரிப்பாள், அதோடு டேப் முடிந்துவிடும். 'முடிவில் சிரிப்பொலி, காரணம் தெரியவில்லை' என்று அதைக்கூடக் குறித்துவைத்தான்.

வயசானவர்கள் எல்லாரிடமும் கேட்கவேண்டும் என்பது விதி. அதனால் ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் அம்மாவிடமும் கேட்டான். சித்தியின் பெயரையும் பட்டியலில் எழுதியிருந்தான். சித்திக்குப் போன் போட்டால் ஒரு மணி நேரம் காதை விடமாட்டாள் என்று அப்புறம் அடித்துவிட்டான்.

அம்மாவின் காதில் இயர்போனைத் தானே பொருத்திப் பாட்டைப் போட்டான். அவள் முழுசாகக் கேட்டாள்.

"இன்னொரு தடவை போடு."

மூன்று தடவை கேட்டாள். பிறகு இயர்போனைக் கழற்றி, வயரைச் சிக்கில்லாமல் சுற்றிக்கொண்டே, "நல்லா பாடறாளாடா?" என்றாள்.

அம்மாவுக்குக் குரல் கிடையாது. அதாவது இருந்தது, ஆனால் பித்தளைப் பாத்திரத்தை மணல் போட்டுத் தேய்த்தால் வருமே, அப்படி. இவன் பிறப்பதற்கு முன்னாலேயே தொண்டையில் கட்டி வந்து அறுவை செய்ததில் அப்படி ஆகிவிட்டது. பள்ளிக்கூட நாட்களில் இவன் நண்பர்கள் போன் செய்துவிட்டு, "உங்க தாத்தாதான் எடுத்தார்" என்பார்கள். இவனும் சேர்ந்து சிரித்திருக்கிறான்.

"சுமார்தாம்மா" என்றான் அன்றைக்கு. "கொஞ்சம் மூக்கால பாடுது. இதுல என்னத்தைக் கண்டாங்களோ அந்தக் கம்பெனிக்காரங்க."

"ஓ" என்றாள் அம்மா. கை தானாகக் கழுத்துத் தழும்புக்குப் போனது.

"உனக்குத் தெரியுமா, யாருன்னு?"

"எனக்கு எப்படிடா தெரியும்? யாரோ சின்னப் பொண்ணு." சுற்றின வயரை அவனிடம் நீட்டியபடி, "ஆள் கிடைக்கலன்னா என்ன பண்ணுவீங்க?" என்று கேட்டாள்.

"கிடைக்கலன்னு எழுதி அனுமதி குடுத்துடுவோம்."

"அப்ப பாட்டு வெளிய வருமா?"

"வரும். ஊரே கேட்கும். ஆம்புலன்ஸுக்குப் போன் பண்றவங்க எல்லாம்."

"நல்லதுதானே" என்றாள்.

இவன் தாளில் எழுதினான்: 'இல்லத்தரசி, வயது அறுபத்தேழு. தெரியாது என்றார்.' அவள் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு, நிதானமாகப் படித்துப் பார்த்து, கீழே கையெழுத்தும் போட்டுக்கொடுத்தாள்.

மேடம் கிளம்பிப் போனபிறகு, யார் யாருக்குச் சொல்லவேண்டும் என்று பார்க்க அம்மாவின் போனை எடுத்தான். பொத்தான் வைத்த பழைய போன். தலையணைக்குக் கீழே இருந்தது. நம்பர்களைத் தேடப்போய், அவள் கடைசியாகக் கூப்பிட்ட பட்டியல் திறந்துகொண்டது.

ஒரே எண். மேலிருந்து கீழே, வரிசையாக, ஒரே எண். நேற்று மூன்று மணிக்கு. முந்தாநாள் மூன்று மணிக்கு. அதற்கு முந்தின நாள் மூன்று மணிக்கு. அழுத்தி அழுத்திக் கீழே போனான். அது முடியவேயில்லை.

காலையில் அவன் கூப்பிட்ட ஆம்புலன்ஸ் எண் அது.

அப்படியே கட்டில் காலைப் பிடித்துக்கொண்டு தரையில் உட்கார்ந்துவிட்டான். அப்படியானால் தினமும் இவளுக்கு என்னவோ செய்திருக்கிறது. மாதக்கணக்கில், மத்தியான நேரத்தில், இவனும் மனைவியும் வேலையில் இருக்கும்போது, தனியாக நெஞ்சைப் பிடித்துக்கொண்டு ஆம்புலன்ஸைக் கூப்பிட்டிருக்கிறாள். சாயங்காலம் இவன் வந்ததும், ஒன்றும் நடக்காத மாதிரி காபி கலந்து கொடுத்திருக்கிறாள்.

"இங்க வா. இதைப் பாரு."

மனைவி பார்த்தாள். அவள் முகம் மாறியது.

"உனக்குத் தெரியுமா?"

"ஒரு தடவை பார்த்தேங்க. என்ன அத்தை, உடம்பு சரியில்லையான்னு கேட்டேன். சும்மா, செக்கப் இருக்கான்னு விசாரிச்சேன்னு சொன்னாங்க. அந்த நம்பருக்கெல்லாம் சும்மா போடக்கூடாது அத்தைன்னு சொன்னேன். சரி சரின்னு சிரிச்சாங்க."

"எங்கிட்ட ஏன் சொல்லல?"

"ஒரு தடவைன்னுதான் நினைச்சேன். தினமும்னு எனக்கு எப்படித் தெரியும்?" அவள் குரல் உடைந்தது. "சத்தியமா தெரியாதுங்க."

அவளைக் கோபித்து என்ன பயன்? ஊரார் பொருளுக்கெல்லாம் உடையவரைத் தேடிய சல்லடைக்குச் சொந்த வீட்டில் அம்மாவின் நெஞ்சுவலி தெரியவில்லை. அவன் போனை மூடிச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டான். அது பையில் கல்லாகக் கனத்தது.

சித்தி இரண்டு மணிக்கு வந்து சேர்ந்தாள். அம்மாவுக்கு இரண்டு வயசு இளையவள். பஸ் ஏறி நாலு மணி நேரம் வந்தவள், வாசலிலேயே செருப்பை உதறிவிட்டு, "என்னை விட்டுட்டுப் போயிட்டியேடி பாவி" என்று அலறிக்கொண்டே போய்க் கட்டிலில் விழுந்தாள். அக்காவின் முகத்தைத் தடவினாள், தலைமுடியை ஒதுக்கினாள். "போன வாரம்கூட என்கிட்ட எரிஞ்சு விழுந்தியே, அந்த வாய் எங்கடி போச்சு" என்று திட்டினாள். வீடே அழுதது. அவன் மட்டும் சுவரில் சாய்ந்து நின்றான்.

அழுகை கொஞ்சம் அடங்கியதும் மனைவி மெல்ல அவன் பக்கத்தில் வந்தாள்.

"நாலு மணிக்கு எடுக்கணும்னா வண்டி சொல்லணுமேங்க. அதே ஆம்புலன்ஸ்காரங்ககிட்டதான் அந்த வண்டியும் இருக்காம்."

"நீயே போடு."

அவள் கையில் குறித்துக்கொள்ளப் பேனாவும் தாளும் இருந்ததால், போனை ஸ்பீக்கரில் போட்டு முக்காலியில் வைத்தாள். உங்கள் அழைப்பு வரிசையில் உள்ளது என்றது. பாட்டு ஆரம்பித்தது.

கொஞ்சம் இரு, கொஞ்சம் இரு...

சித்தியின் விசும்பல் அப்படியே நின்றது. தலையைத் தூக்கினாள். அக்காவின் முகத்தைப் பார்த்தாள், போனைப் பார்த்தாள், மறுபடி அக்காவைப் பார்த்தாள். எழுந்திருக்கப்போகிறாளோ என்று பார்த்த மாதிரி இருந்தது.

"யாருடா இதைப் போட்டது?"

"போன்ல வருது சித்தி. காத்திருக்கச் சொல்லிப் போடுவாங்க."

"அது எனக்குத் தெரியாதா? இவ பாட்டு எப்படிடா அதுக்குள்ள போச்சு?"

"எவ பாட்டு?"

"உங்கம்மா பாட்டுடா!"

மாடிவீட்டுக்காரர் நாற்காலியைத் தூக்கியபடியே நின்றார். மனைவியின் பேனா தாளில் ஒரு கோடு இழுத்துக்கொண்டு போய் நின்றது.

"இல்ல சித்தி" என்றான் அவன். சிரிப்பு மாதிரி ஒன்று அவன் முகத்தில் வந்து நின்றது. "இது யாருன்னே தெரியாது. நானே தேடினேன். எட்டு மாசம் முன்னாடி, நாற்பத்தொரு பேரைக் கேட்டேன். பெண் குரல் பதினேழுன்னுதான் டேப்ல—"

"பதினேழா?" சித்தி நெஞ்சில் கை வைத்துக்கொண்டாள். "பதினேழு இவ நம்பர்டா! டெலிபோன்ல வேலை பார்த்தோமே, வெளியூர்க் கால் எல்லாம் எங்க கையாலதான் போகும். யாரும் பேர் சொல்லக் கூடாது, ஆளுக்கு ஒரு நம்பர். இவ பதினேழு, நான் இருபத்திரண்டு. கூப்பிடறவன் எல்லாம் எங்கேம்மா கனெக்‌ஷன், எங்கேம்மா கனெக்‌ஷன்னு உயிரை வாங்குவான். அவனுங்களைக் கிண்டல் பண்ண இவளே கட்டின பாட்டுடா இது. ஒரு நாள் டேப்காரன் ஒருத்தன் மிஷினோட வந்தான். பாடினா. பேர் என்னம்மான்னு கேட்டான். பழக்க தோஷத்துல பதினேழுன்னு சொல்லிட்டா. நாங்க எல்லாம் சிரிச்சு உருண்டோம்."

அந்தச் சிரிப்பு அவன் முகத்திலேயே காய்ந்துபோயிற்று. ஆனாலும் உள்ளே இருந்த ஆபீஸ்காரன் விடவில்லை, கடைசியாக ஒன்று கேட்டான்.

"கடைசில... கடைசில என்ன வரும் சித்தி?"

"சிரிப்பா. நான்தான்டா காரணம். எதிர்ல நின்னு மூஞ்சியைக் கோணிக் காட்டினேன். பாட்டைக் கெடுத்துட்டேன்னு ரெண்டு நாள் என்கூடப் பேசல." சித்தி மறுபடி உடைந்தாள். "தொண்டையை அறுத்தப்புறம் அந்தப் பேச்சே எடுக்கக் கூடாதுன்னுட்டா. வேலைக்குப் போகமாட்டேன்னுட்டா. யார்கிட்டயும் சொல்லாதேன்னு என் தலைல அடிச்சு சத்தியம் வாங்கினா. நீ ஏன்டா என்னைக் கேட்கல? ஒரு வார்த்தை கேட்டிருந்தா சொல்லியிருப்பேனே. சத்தியமாவது மண்ணாங்கட்டியாவது!"

அந்த நேரம் பார்த்துப் பாட்டு பாதியில் அறுந்தது. "வணக்கம், சொல்லுங்க" என்றது போன். மனைவி அதை அள்ளிக்கொண்டு வராந்தாவுக்கு ஓடினாள்.

அவன் அம்மாவைப் பார்த்தான். காலையில் எழுந்து நீண்ட அந்தக் கை இப்போது போர்வைக்குள் இருந்தது. நிறுத்து என்று சொல்லவில்லை அவள். நிறுத்தாதே என்று சொல்லியிருக்கிறாள். சட்டையைப் பிடித்து இழுத்துச் சொல்லியிருக்கிறாள். இவன் அந்தக் கையைப் பிடித்து அடக்கிவிட்டான். மூக்கால பாடுது என்று இவன் சொன்னபோதும் அவள் வயரைச் சுற்றிக்கொண்டே 'ஓ' என்றாள், அவ்வளவுதான்.

அப்படியே சித்திக்குப் பக்கத்தில் உட்கார்ந்தான்.

"இப்ப அவ பேரை எழுதலாம்ல?" என்றாள் சித்தி, மூக்கைத் துடைத்துக்கொண்டே. "நீதானே அந்த ஆபீஸ்ல இருக்க. எழுதுடா."

"உடையவங்க வந்து சொல்லணும் சித்தி. இல்லேன்னா வாரிசு."

"வாரிசு யாரு?"

அந்தக் கோப்பின் கடைசித் தாள் கண்முன் நின்றது. ஒவ்வொரு எழுத்தும் அவனுடைய அழகான கையெழுத்தில். 'பாடியவரோ அவருடைய வாரிசோ, உரிய முறையில் தேடியும், கண்டறியப்படவில்லை.' கீழே நீலப் பேனாவில் அவன் கையெழுத்து, தேதி, முத்திரை. தன்னையே காணவில்லை என்று எழுதி முத்திரையும் குத்திக் கொடுத்தவன் உலகத்தில் அவன் ஒருத்தனாகத்தான் இருப்பான்.

"நான்தான்" என்றான்.

சித்தி அவன் முதுகில் கை வைத்தாள்.

மனைவி திரும்பி வந்து, வண்டி நாலு மணிக்கு வந்துவிடும் என்றாள். கூடத்துக் கடிகாரத்தில் மூன்றாக இரண்டு நிமிடம் இருந்தது. அவன் சட்டைப்பையைத் தொட்டுப் பார்த்தான். அம்மாவின் போன் அங்கேதான் இருந்தது. மூன்று மணி, மூன்று மணி, மூன்று மணி என்று கீழே கீழே போன அந்தப் பட்டியல் அவனுக்கு இப்போதுதான் புரிந்தது. அவளுக்கு நெஞ்சுவலி எதுவும் இல்லை.

போனை எடுத்தான். கடைசி எண்ணை அழுத்தினான். ஆனால் ஒன்று உறுத்தியது. யாருக்காவது நிஜமாகவே அவசரமாக இருந்தால்? எடுத்ததும் மன்னிப்புக் கேட்டு வைத்துவிடலாம் என்று நினைத்துக்கொண்டான். மணி ஒரு தடவைதான் அடித்தது. வரிசை, காத்திருப்பு எதுவும் இல்லாமல் உடனே ஒரு பெண் குரல் வந்தது.

"வணக்கம் பெரியம்மா! என்ன, இன்னிக்கு ரெண்டு நிமிஷம் முன்னாடியே வந்துட்டீங்க?"

அவன் வாயைத் திறந்தான்.

"லைன் காலிதான், யாரும் இல்ல. உங்க பாட்டைப் போடட்டுமா?"

"ம்" என்றான். கரகரவென்று, தேய்ந்த பித்தளை மாதிரி வந்தது அது.

அந்தப் பெண்ணுக்கு அது போதுமாக இருந்தது. "இருங்க, போடறேன்" என்றாள்.

அவன் போனை அம்மாவின் தலையணையில், அவள் காதை ஒட்டி வைத்தான். பாட்டு ஆரம்பித்தது. சித்தி அக்காவின் கையைப் போர்வைக்குள்ளிருந்து எடுத்துத் தன் மடியில் வைத்துக்கொண்டாள். மாடிவீட்டுக்காரர் ஓசைப்படாமல் விசிறியை நிறுத்தினார். ஒன்றரை நிமிடம் முழுசாகக் காத்திருந்தார்கள்.

கடைசியில் பாடினவள் குபீரென்று சிரித்தாள். பிறகு பாட்டு மறுபடியும் முதலிலிருந்து ஆரம்பித்தது.